கண்ட்ரோல் அனந்தநாராயணனும் நாற்பது இலைகளும்

என் தலை வழுக்கை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் அந்த வழுக்கைக்கு அகில இந்திய முக்கியத்துவம் ஏற்படப்போகிறது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஒன்றும் கிடையாது. கோட்டைப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாட்டுங்காவில் ஒன்றரை அறை. அந்த அரை அறையில் சமையல், மீதி ஒன்றில் நானும் என் மனைவி அம்மிணியும்.

அறுபத்தாறாம் வருஷம். ரேஷன் கடையில் ஆளுக்கு ஒரு பிடி அரிசி அளந்துவிட்டு, பாக்கிக்குக் கோதுமையும் மைலோ என்ற சிவப்புச் சோளமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டு வயிறு மைலோவைப் பார்த்து, ‘நீ யார், எங்கே வந்தாய்?’ என்று விசாரித்தது. பதில் திருப்தியாக இல்லாததால் உள்ளே விடவில்லை. அம்மிணிக்கு ஏழு மாதம். பிரசவத்துக்குப் பாலக்காட்டுக்கு ரயில் ஏற்றிவிட்டேன். அவள் குழந்தையோடு திரும்பி வரும்போது வீட்டில் ஒரு டின் அரிசியாவது இருக்க வேண்டும் என்பது என் லட்சியம். சிலருக்கு எவரெஸ்ட், எனக்கு ஒரு டின்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடைத் தூணில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ‘கண்ட்ரோலுக்கு ஆட்கள் தேவை. அரிசி உண்டு. அணுகவும்: அகில பாரதப் பச்சிலை ஆராய்ச்சிக் கழகம், செம்பூர்.’

கண்ட்ரோல் என்றால் என்ன என்று எங்கள் ஜனங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டைக் காலத்திலிருந்து கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் சர்க்கரை, கண்ட்ரோல் துணி என்று வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ரேஷன் கார்டையும் ஒரு பெரிய துணிப்பையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செம்பூர் போய்விட்டேன்.

பெரிய காம்பவுண்ட். இரும்புக் கேட். உள்ளே இரண்டு மேஜைகள். ஒன்றில் ‘பொருள்’ என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் ‘கண்ட்ரோல்’. பொருள் மேஜைக்கு முன்னால் இருபத்துநாலு பேர் நின்றார்கள். நான் கண்ட்ரோல் மேஜையில் பன்னிரண்டாவது ஆள். இடம் கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். மிஸ் ராஜலக்ஷ்மி, உதவி ஆராய்ச்சியாளர் என்று பலகை சொல்லிற்று.

“பை எதுக்கு சார்?” என்றாள்.

“கண்ட்ரோலுக்குத்தான்.”

அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கார்டை வாங்கிக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு என்று போட்டிருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். ஆறு மாத அரிசிக்கு ஒரே தடவை கையெழுத்தா, என்ன நிர்வாகத் திறமை என்று மெய்சிலிர்த்தேன். கார்டைப் பைலோடு சேர்த்து நூல்போட்டுக் கட்டினாள்.

“அனந்தநாராயணன்கற பேர் இனிமே உங்களுக்குக் கிடையாது சார். நீங்க க-12.”

பிறகு எங்களை டைரக்டர் அறைக்கு அழைத்துப்போனார்கள். டாக்டர் வேங்கடசுப்ரமணியன் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். நல்ல கட்டிடம் கட்டப்போகிறவர் செங்கலைப் பார்க்கிற பார்வை.

“இந்த தேசத்துல ரெண்டாயிரம் வருஷமாக் கறிவேப்பிலை போட்டுச் சமைக்கறா. ஏன் போடறோம்னு ஒருத்தராவது கேட்டதுண்டா? நான் ஜெர்மனியில ஏழு வருஷம் இருந்தேன். அங்கே கறிவேப்பிலையே கிடையாது. அதனாலதான் அதைப் பத்தித் தெளிவா சிந்திக்க முடிஞ்சுது. அதுக்குள்ளே என்னமோ இருக்கு. ரத்தம், கண் பார்வை, தலைமயிர், மூணுக்கும் அது என்ன பண்றதுன்னு கண்டுபிடிக்கப்போறோம். ஒரு கோஷ்டிக்குத் தினம் எண்ணி நாப்பது இலை. இன்னொரு கோஷ்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு இலைகூடக் கிடையாது. அவாதான் கண்ட்ரோல். நீங்கதான் அது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை உயர்த்தினேன். “அப்போ எங்களுக்கு என்ன பண்ணுவேள் சார்?”

“ஒண்ணும் பண்ண மாட்டோம். ஆனா அந்த ஒண்ணும் பண்ணாததை ரொம்ப ஜாக்கிரதையாப் பண்ணுவோம்.”

“அரிசி?”

“உண்டு. இங்கேயே சாப்பிடணும். இங்கேயே இருக்கணும். வெளியில விட்டா நீங்க எங்கேயாவது ரசம் குடிச்சுடுவேள்.”

கையெழுத்துப் போட்டது அதற்குத்தான் என்று அப்போது தெரிந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கழகத்திலிருந்து என் ஆபீசுக்கு ஒரு கடிதம் போயிற்று. தேச சேவைக்காக என் குமாஸ்தாவைக் கேட்கிறார்கள் என்று மானேஜருக்குப் பரம சந்தோஷம். ஆறு மாதம் ஸ்பெஷல் லீவு கொடுத்துவிட்டார். நான் இல்லாவிட்டாலும் ஆபீஸ் நடக்கும் என்பதை அவர் அவ்வளவு உற்சாகமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கழகத்தில் எதற்கும் ஒரு முறை உண்டு. அந்த முதல் நாள் பேச்சுக்குப் பிறகு, கறிவேப்பிலை என்ற வார்த்தையைக் கண்ட்ரோல் காதால்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அது மனத்தின் வழியாக ரத்தத்தில் ஏறிவிடலாம். ஆகையால் அதற்குப் பெயர் ‘பொருள்’. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று டைரக்டர் எழுதிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். பொருள் கோஷ்டியார், ‘இலையால் உயர்வேன்’ என்பார்கள். நாங்கள், ‘இலையின்றி இருப்பேன்’ என்போம். பிறகு உட்கார்ந்து, தாளிப்பு என்றால் என்னவென்றே அறியாத ஒரு சாம்பாரைச் சாப்பிடுவோம். கடுகுகூடக் கிடையாது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் எங்களுக்குப் பொருள் ஞாபகம் வருமாம்.

முதல் வாரத்திலேயே பதினோரு கண்ட்ரோல்கள் சுவரேறிக் குதித்து ஓடிப்போனார்கள். எனக்குச் சுவரேறத் தெரியாது. தவிரவும் என் ரேஷன் கார்டு அவர்களிடம் இருந்தது. பதினோரு பேர் போன மறுநாள் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். கேட்டில் காலைக்கொரு காவலாளி, மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வேறொரு காவலாளி. கண்ட்ரோல் கேட் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. க-12 ஆக இருந்தவன் க-1 ஆனேன்.

பொருள் கோஷ்டிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. அவர்கள் வீட்டில் இலை தின்றாலும் நல்லதுதானே! மத்தியானம் வருவார்கள், அரிசிச் சாப்பாடு சாப்பிடுவார்கள், ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு ஹாலுக்கும் நடுவில் ஒரு கம்பி வலை. அந்தப் பக்கத்தில் வலையை ஒட்டி உட்காருகிறவர் தளவாய். தாராவியில் தோல் கிடங்கில் வேலை. திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். மிஸ் ராஜலக்ஷ்மி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, நெய்யில் வறுத்த நாற்பது இலைகளை எண்ணி அவர் சோற்றின்மேல் வைப்பாள். ரிஜிஸ்டரில் ‘40’ என்று எழுதுவாள். அடுத்த ஆளுக்குப் போவாள்.

அவள் நகர்ந்ததும் தளவாய் செய்கிற முதல் காரியம், நாற்பதையும் வழித்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவதுதான். தளவாய் மட்டுமில்லை. இருபத்துநாலு பேரும் அதையேதான் செய்தார்கள். இருபத்துநாலு கைகள் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி ஓரத்துக்குப் போகும். பார்த்தால் டிரில் மாதிரி இருக்கும்.

“ஏன் தளவாய், அதைத் தின்ன வேண்டாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கறிவேப்பிலைய எவன்வே திம்பான்? அது வாசத்துக்குல்லா போடுதது. சின்னப் புள்ளயில இருந்து எடுத்து ஓரமா வச்சிப் பழகுன கையி. அந்தப் புள்ள எண்ணி வைக்குது. எண்ணி வச்சா திங்கணும்னு சட்டமா என்ன?”

“அவள் பார்க்கிறதில்லையா?”

“வைக்கத எண்ணுததுதான் அதுக்கு வேல. திங்கத எண்ணுததுக்கு வேற ஆளு போடணும்லா?”

வேறு ஆள் போடப்படவில்லை. தட்டு ஓரத்து இலைகள் பின்வாசல் தொட்டிக்குப் போயின. அங்கே யாருடையதோ ஓர் ஆடு தினமும் வந்து காத்திருக்கும். ஆறு மாதத்தில் அந்த ஆட்டின் ரோமம் பட்டுப்புடவை மாதிரி மின்னியது. கழகத்தில் உண்மையான ஆராய்ச்சி என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்த ஆட்டின்மேல்தான். ஆனால் ஆட்டுக்கு நம்பர் கிடையாது.

ஆகஸ்டில் அம்மிணியிடமிருந்து கடிதம் வந்தது. ‘கொழந்தை பொறந்துடுத்து. பொண்ணாக்கும். உங்க மூக்கு, நல்லவேளையா என் தலைமயிர். பதினோராம் நாள் நீங்க வந்து காதுல பேர் சொல்லணும். நீங்க சொன்னாத்தான் பேர். வேற யாரையும் சொல்ல விடமாட்டேன். உடனே புறப்படுங்கோ.’

என் அம்மாவின் பெயரை, பாகீரதி என்று, நான் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். குழந்தையின் வலது காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்று தரம் ஒரு பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவில் அந்த ஒரு நிமிஷம். விண்ணப்பம் எழுதிக்கொண்டு டைரக்டர் முன்னால் போய் நின்றேன்.

“பாலக்காடா! அங்கே வீட்டுக்கு ரெண்டு மரம். காத்தே பொருளாச்சேய்யா. நீங்க மூச்சு விட்டாலே என் ஆராய்ச்சி போச்சு.”

“மூச்சு விடாமப் போயிட்டு வந்துடறேன் சார்.”

“ஜோக்கா?”

“விண்ணப்பம், சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கருணை வந்துவிட்டது. இந்தக் கழகத்தில் அதைவிட ஆபத்தானது எதுவும் கிடையாது.

“மிஸ்டர் க-1, உங்க பொண்ணுக்குப் பேர் இல்லேன்னா ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம். எனக்குக் கண்ட்ரோல் இல்லேன்னா பாரத விஞ்ஞானத்துக்கே கஷ்டம். அதுவும் இப்போ மொத்தக் கண்ட்ரோலும் நீங்க ஒருத்தர்தான். தவிர, பேர்ங்கறது உயிர் வாழ அவசியமே இல்லே. இங்கே பன்னெண்டு பேருக்குப் பேரை எடுத்தோம். யாராவது செத்தாளா?”

“ஓடிப்போனா, சார்.”

“அது நடத்தை. நான் ஆரோக்கியத்தைச் சொல்றேன்.”

விண்ணப்பத்தின்மேல் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது. அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று மிஸ் ராஜலக்ஷ்மியைக் கேட்டேன். “முத்திரை போட்டாச்சுன்னு அர்த்தம் சார். மேலே கேக்காதீங்கோ. அது என் டிபார்ட்மெண்ட் இல்லே” என்றாள். அவள் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். ஆனால் சொல்லும்போது கண்ணாடிக்குள் கண் கொஞ்சம் தாழும்.

டிசம்பரில் வந்துவிடுகிறேன் என்று எழுதினேன். ‘டிசம்பர் வரைக்கும் கொழந்தைக்குப் பேர் கிடையாது’ என்று பதில் வந்தது. ‘இது பால் குடிச்சுது, இது தூங்கறது, இதுக்கு ஜலதோஷம்னு சொல்லிண்டிருக்கோம். ஊர்ல எல்லாரும் சிரிக்கறா. பரவாயில்லே. நீங்களே வந்து சொல்லுங்கோ.’

அன்று சாப்பாடு இறங்கவில்லை. வலைக்கு அந்தப்புறத்திலிருந்து தளவாய் பார்த்தார்.

“என்னவே அய்யரே, மூஞ்சி செத்துக் கெடக்கு?”

சொன்னேன். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தார்.

“நீரு இத திங்கக் கூடாது. திங்காம இருக்கதுக்குத்தான் ஒம்ம பிடிச்சி வச்சிருக்கானுவ. அப்பம் தின்னுட்டா? வெரட்டிருவானுவல்லா?”

என் ஆயுளில் கேட்ட மிகச் சிறந்த விஞ்ஞானப் பேச்சு அதுதான். வலையின் கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது. தளவாய் தன் நாற்பது இலைகளையும் ஒரு காகிதத்தில் வைத்துத் தள்ளினார். நான் தயங்கினேன். நான் ஏன் தயங்கினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எச்சி இல்லவே. சோத்துல கைய வைக்கதுக்கு முந்தியே எடுத்துட்டேன். ஒமக்காவத்தான்.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாற்பதையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, “மிஸ் ராஜலக்ஷ்மி! இங்கே பாருங்கோ! தின்னுண்டிருக்கேன்!” என்று கத்தினேன். வாய் நிறைய இலையோடு கத்தியதால் அது மாடு கத்தியது போலத்தான் இருந்திருக்கும். அவள் ஓடிவந்தாள். பார்த்தாள். ரிஜிஸ்டரைப் புரட்டினாள்.

“சார், உங்க பக்கத்துல இலைன்னு ஒரு கட்டமே கிடையாது.”

“அதனாலே?”

“நீங்க தின்னதை எங்கே எழுதறது?”

“குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே!”

“அதுல டைரக்டர் மட்டும்தான் எழுதலாம். அவர் ரிஜிஸ்டரைத்தான் பார்ப்பார். ரிஜிஸ்டர்ல இருந்தாத்தான் குறிப்பு எழுதுவார்.”

மறுநாளும் தின்றேன். அதற்கு மறுநாளும். குற்றவாளியாவதற்கு ஒரு மனிதன் இதைவிடப் பாடுபட முடியாது. ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. முதலில் பிடிவாதத்துக்குத் தின்றேன், அப்புறம் பழக்கத்துக்கு. அந்தச் செத்த சாம்பாருக்கு நடுவில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். தளவாய்க்குச் சில நாள் கை மறந்துபோய், சோற்றில் பிசைந்த பிறகு எடுத்துக் கொடுப்பார். எனக்கும் கேட்க மறந்துபோயிற்று.

டிசம்பரில் ஆறு மாதம் முடிந்தது. டெல்லியிலிருந்து மூன்று பேர் கொண்ட கமிட்டி வந்தது. ரத்தம் எடுத்தார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மிஸ் ராஜலக்ஷ்மி இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக என் தலையை ஒரு முழு நாள் ஆராய்ந்தாள். பொருள் கோஷ்டி இருபத்துநாலு பேருக்கும் எந்த மாற்றமும் இல்லை. க-1க்கு ரத்தம் கூடியிருந்தது. பலகையின் கடைசி வரியைப் படித்தார். தலையில் புதிதாகப் பதினேழு மயிர்கள் முளைத்திருந்தன.

ஹாலில் பெரிய கூட்டம். என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தலைக்கு நேராக ஒரு விளக்குப் போட்டார்கள். டைரக்டர் பேசினார்.

“கறிவேப்பிலை நல்லதுன்னு நிரூபிக்கத்தான் ஆரம்பிச்சோம். விஞ்ஞானி தன் அபிப்பிராயத்தை மாத்திக்கத் தயங்கக் கூடாது. எண்ணி எண்ணிக் கொடுத்த இருபத்துநாலு பேர் அப்படியே இருக்கா. ஒரு இலையும் தொடாத இந்த மனுஷர் தலையில பதினேழு மயிர்! ஆகவே ஆரோக்கியத்துக்குக் காரணம் கறிவேப்பிலை இல்லே. அதைச் சாப்பிடாம இருக்கறதுதான். இதுவரைக்கும் உலகத்துல யாரும் ஒரு பொருளைச் சாப்பிடாம இருக்கறதை மருந்தாக் கண்டுபிடிச்சதில்லே. செலவே இல்லாத மருந்து, ஏழை தேசத்துக்கு ஏத்த மருந்து!”

கமிட்டி கைதட்டியது. க-1 கிடைத்தற்கரிய ஆள் என்றும் அவரைத் தொடர்ந்து பாதுகாக்க வேண்டும் என்றும், ஒப்பிட்டுப் பார்க்கப் பொருள் கோஷ்டியும் தொடர வேண்டும் என்றும் மேலும் ஒரு வருஷத்துக்கு அங்கேயே தீர்மானம் போட்டார்கள். என் தலைக்குமேல் விளக்கு சுட்டது.

கூட்டம் கலைந்ததும் டைரக்டர் அறைக்கு ஓடினேன். “சார், நான் தினமும் நாப்பது இலை தின்னேன். அவா யாருமே தின்னலை. ஓரமா எடுத்து வெச்சுட்டா. நம்ம மனுஷா யார் சார் கறிவேப்பிலையைத் தின்னா? நீங்க சாப்பிடும்போது என்ன பண்ணுவேள்?”

அவர் வலது கை தானாக மேஜைமேல் நகர்ந்து, இல்லாத ஒரு தட்டின் ஓரத்துக்கு எதையோ தள்ளியது. அதைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“நீங்க தின்னேளா இல்லையாங்கறது உங்க சொந்த அபிப்பிராயம். ரிஜிஸ்டர் என்ன சொல்றது? மனுஷா சொல்றதை நம்ப ஆரம்பிச்சா அப்புறம் ரிஜிஸ்டர் எதுக்கு, நான் எதுக்கு? கட்டுரை அச்சுக்குப் போயாச்சு. நிஜம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாலே வந்திருக்கணும். இனிமே வந்தா அது பிழைதிருத்தம்தான். பிழைதிருத்தத்தை யாரும் படிக்கறதில்லே. போய் ஓய்வெடுங்கோ. அந்தப் பதினேழும் தேசத்தோட சொத்து. தலை வாராதீங்கோ.”

அம்மிணிக்கு எழுதினேன். இன்னும் ஒரு வருஷம் என்று. அந்த வரியை எழுதப் பேனா மூன்று தரம் மசி கேட்டது. பதிலில் ஒரே வரிதான் இருந்தது. ‘ரெண்டு கால் எனக்கும் உண்டு.’

ஜனவரியில் ஒரு நாள், சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே தளவாய் வலைக்கு அருகில் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“வே, ஒம்ம வீட்டம்மா கேட்டுல நிக்காவ. கையில புள்ள. உள்ள விட மாட்டேங்கானுவ.”

“ஏன்?”

“சீட்டு வேணுமாம். உள்ள வார ஒவ்வொரு உசுருக்கும் பேரு எழுதணுமாம். புள்ளைக்குப் பேரு இல்லன்னு சொன்னா, பேரு இல்லாத உசுர உள்ள விட முடியாதுங்கு, சீட்டு எழுதுத அந்தக் கண்ணாடிக்காரப் புள்ள.”

பெயர் வைக்க நான் போக வேண்டும். நான் கேட்டுக்குப் போகக் கூடாது. குழந்தை என்னிடம் வர வேண்டும். வருவதற்குப் பெயர் வேண்டும். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. எழுபது கஜ தூரத்தில் என் குழந்தை அழுவது கேட்டது. அதன் குரலை அப்போதுதான் முதலில் கேட்கிறேன்.

“எங்கிட்ட சொல்லும். நான் போயிச் சொல்லுதேன்” என்றார் தளவாய்.

“என்ன?”

“பேரத்தான்வே. எங்காதுல சொல்லும். நான் நேரா போயி புள்ள காதுல சொல்லுதேன். நடுவுல ஒருத்தங்கிட்டயும் பேச மாட்டேன்.”

அவர் வலது காதைக் கம்பி வலையில் ஒட்டி வைத்தார். தோல் கிடங்கின் வாசனை. நான் வாயைக் குவித்து, ‘பாகீரதி, பாகீரதி, பாகீரதி’ என்று மூன்று தரம் சொன்னேன். தளவாய் வாயை இறுக மூடிக்கொண்டு, உள்ளே இருப்பது சிந்திவிடும் என்பது போலத் தலையைச் சாய்க்காமல் நடந்து போனார்.

மற்றதை அம்மிணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டினதிலிருந்து ஓயாமல் அழுத குழந்தையின் காதருகே யாரோ ஒரு பெரிய மீசைக்காரர் குனிந்து, “பாக்கியத்தாய், பாக்கியத்தாய், பாக்கியத்தாய்” என்று சொன்னாராம். எழுபது கஜ தூரத்தில் பாகீரதி எந்த இடத்தில் பாக்கியத்தாய் ஆனாள் என்று தெரியாது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்ததாம்.

“என்ன பேர் சொன்னேள்?” என்று அம்மிணி கேட்டிருக்கிறாள்.

“அய்யரு சொன்ன பேருதாம்மா. எங்க அத்தைக்கும் இதே பேருதான்” என்று தளவாய் பெருமையாகச் சொன்னாராம்.

அம்மிணி அழுகை நின்ற குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டு எழுதுகிற ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். “பாக்கியத்தாய். எழுதிக்கோங்கோ.”

மிஸ் ராஜலக்ஷ்மி எழுதினாள். வருகையாளர்: அம்மிணி, பாக்கியத்தாய். இருவர். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை.

குழந்தையை என் கையில் கொடுத்தபோது அது என் தலையைத் தொட்டு, தேசத்தின் சொத்தில் ஒன்றைப் பிடுங்கிவிட்டது. நான் தடுக்கவில்லை. அம்மிணி என் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். “இளைச்சுட்டேள்” என்றாள். கமிட்டி ரிப்போர்ட்டுக்கு நேர்மாறாக இருந்தது.

“போலாம், வாங்கோ” என்றாள் அப்புறம்.

“எப்படிப் போறது? எனக்குச் சீட்டு இல்லையே!”

“இதுல ரெண்டு பேர்னு போட்டிருக்கு. கைக்கொழந்தைக்குப் பஸ்ஸிலேயே டிக்கெட் கிடையாது.”

இரண்டு மணிக்குக் காவலாளி மாறிவிட்டான். புதியவன் அவர்கள் உள்ளே வந்ததைப் பார்க்கவில்லை; கண்ட்ரோல் கேட் பக்கம் வரக் கூடாது என்பதால் என்னையும் ஏழு மாதமாகப் பார்த்ததில்லை. ஆனால் கேட்டுக்கு முன்னால் அந்த ஜன்னலைத் தாண்ட வேண்டும். மிஸ் ராஜலக்ஷ்மி தலையை உயர்த்தினாள். அம்மிணியைப் பார்த்தாள். அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். துணிப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். மேஜை டிராயரைத் திறந்து, ஒரு பைலிலிருந்து நூலை அறுத்து, என் ரேஷன் கார்டை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

“வெளியே போறவா யாருன்னு பார்க்கறது என் டிபார்ட்மெண்ட் இல்லே, சார்” என்றாள். இந்தத் தடவை கண் தாழவில்லை.

காவலாளி சீட்டை வாங்கினான். “தோ ஆத்மி?” என்று, இரண்டு பேரா என இந்தியில் கேட்டான்.

“ஹாம். தோ” என்றாள் அம்மிணி.

“நாம்?” என்று பெயரைக் கேட்டான்.

“அம்மிணி.”

என்னைப் பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “பாக்கியத்தாய்.”

மதராசிகளின் பெயர்கள் அவனுக்குப் புதிதில்லை போலிருக்கிறது. பையை உதறி இலை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தான். சீட்டில் முத்திரை குத்தி, தன் பிரதியைக் கிழித்துக்கொண்டு, என் பிரதியை என்னிடமே கொடுத்தான். கேட் திறந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். மானேஜர் எழுந்து கைகுலுக்கினார். க-1 நன்றாக ஒத்துழைக்கிறார் என்று கழகத்திலிருந்து மாதாமாதம் அவருக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. நான் வந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. என் தட்டு தினமும் காலியாகத் திரும்புகிறவரை கண்ட்ரோல் இருக்கிறார் என்று அர்த்தம். அதைத் தளவாய் பார்த்துக்கொண்டார். இரண்டு சாப்பாடு அவருக்குப் பெரிய காரியமில்லை. அறுபத்தேழாம் வருஷத்து ஆண்டறிக்கையில், ‘க-1 கழகத்திலேயே தங்கியிருக்கிறார், பூரண நலம், குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை’ என்று இருந்தது.

மாற்றம் இருந்தது. பாக்கி இருந்த பதினாறும் இரண்டு மாதத்தில் உதிர்ந்துவிட்டன. அம்மிணி ரசத்தில் நிறையக் கறிவேப்பிலை போடுகிறாள்தான். நான்தான் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறேன்.

பெண்ணுக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பாகீரதி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாள். “ஏட்டி பாக்கியத்தாய்!” என்று தெருவிலிருந்து தளவாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், சாப்பிட்ட கையோடு ஓடுவாள். அந்தச் சீட்டை நான் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ‘பாக்கியத்தாய்: வெளியே சென்றார்’ என்று முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. பெரியவளானதும் காட்டி, அன்றைக்கு உன் பெயரைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.